நாலு பக்கத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாயா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். மாடித் தோட்டம் பற்றிய குறிப்பு ஒன்றை முந்நூறு ரூபாய் கட்டிக் கைப்பேசியில் வாங்கினாராம். திறந்து பார்த்தால் ஐந்தே பக்கம். ஒரு பக்கம் அறுபது ரூபாய், இது பகல் கொள்ளை இல்லையா என்று கேட்டிருந்தார்.

அவர் வாங்கிய குறிப்பை எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆனால் நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நான் விற்பது நாலே பக்கம், விலை முந்நூற்றைம்பது. வாசகரின் கணக்கை வைத்தால் ஒரு பக்கம் எண்பத்தேழு ரூபாய் ஐம்பது பைசா. அவரை ஏமாற்றியவரைவிட நான் பெரிய ஏமாற்றுக்காரனாகிறேன். எனவே பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் நாலு பக்கமும் ஒரே ஒரு பூச்சியைப் பற்றியவை. அராபிக்கா வகைக் காபிச் செடியைக் கொல்லும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். தோட்டத்தில் நாங்கள் 'போரர்' என்போம். உரம், கவாத்து, மிளகு, சந்தை விலை என்று வேறு எதுவும் அதில் கிடையாது.

இந்தப் பூச்சியின் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னால்தான் நாலு பக்கத்துக்கு ஏன் விலை என்பது புரியும். தாய் வண்டு வெயில் படும் தண்டில், பட்டை வெடிப்புக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைந்துகொண்டு போகும். குடைந்த வழியைத் தன் கழிவாலேயே இறுக்கமாக அடைத்துக்கொண்டு போவதால் வெளியே தூள் கொட்டாது. தண்டில் வட்டமான துளை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வண்டு பறந்துபோய்விட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மருந்தடிக்க ஆள் விடுவது மனத் திருப்திக்காகத்தான்.

அதனால் நின்றுகொண்டு பார்க்கிற பார்வை இதற்கு உதவாது. செடியின் முன் குந்தி உட்கார்ந்து, தண்டை அடியிலிருந்து மேலாக உள்ளங்கையால் தடவ வேண்டும். புழு போன தடத்தில் பட்டை மேடு தட்டியிருக்கும். கண்ணுக்குச் சிக்காதது கைக்குச் சிக்கும். அப்படிச் சிக்கிய செடியை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். இதையும் வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே செய்தாக வேண்டும். ஏப்ரல், மே ஒரு பறப்பு; அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டம் முழுக்கக் கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அக்டோபர் பிறந்த பிறகு தண்டைத் தடவிக்கொண்டிருந்து பயனில்லை.

இன்னொன்று. பிடுங்கிய தண்டுகளை விறகுக்கு ஆகும் என்று குடியிருப்பு வரிசையின் பின்னால் அடுக்கிவைக்கும் வழக்கம் இந்த மலையில் பலருக்கு உண்டு. காய்ந்த தண்டுக்குள்ளும் புழு தன் வேலையை முடித்து வண்டாக வெளிவரும். கூலி கொடுத்துப் பிடுங்கிவிட்டு, வண்டைக் கொல்லைப்புறத்திலேயே குடிவைக்கிற வேலை இது. என் மூன்றாம் பக்கத்தின் முதல் வரி இந்த விறகைப் பற்றியதுதான். பாருங்கள், ஆசிரியர் அவர்களே, அதை இப்போது இலவசமாகவே சொல்லிவிட்டேன்.

இனி விலைக்கு வருகிறேன். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 செடி. நூற்றுக்கு ஐந்து போரரில் போனால் அறுபது செடி. மாற்றுச் செடி நடக் குழி, நாற்று, ஆள் கூலி, அது காய்ப்புக்கு வரும் வரை மூன்று நான்கு ஆண்டுப் பராமரிப்பு, அத்தனை ஆண்டும் வராத செர்ரி, அதாவது காபிப் பழம். எல்லாம் சேர்த்துச் செடிக்கு ஐந்நூறு ரூபாய் என்று நான் குறைத்தே போடுகிறேன். ஏக்கருக்கு முப்பதாயிரம். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒன்றரை லட்சம். என் தாள் இதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் காப்பாற்றுகிறது என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்தாயிரம் ஆகிறது. நான் கேட்பது முந்நூற்றைம்பது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதே அல்ல. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி ஏற்றிக்கொண்டு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போனால், லாரி நிறைய இருக்கிறது என்பதற்காக யாராவது கூடுதலாகக் கொடுக்கிறார்களா? கிழங்கில் மாதிரி எடுத்து, தண்ணீரில் முக்கி எடை பார்த்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று கண்டுதான் விலை பேசுகிறார்கள். பாயிண்ட் குறைந்த கிழங்கு எத்தனை பருமனாக இருந்தாலும் விலை குறைவுதான். அந்தப் பாயிண்டைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று விவசாயிகள் சண்டை போடுவது தனிக் கதை. முறை தவறு என்று எவரும் சொன்னதில்லை. அம்மாப்பேட்டை வாசகர் தமது ஐந்து பக்கத்தில் எத்தனை பாயிண்ட் இருந்தது என்று எழுதவே இல்லை. அதில் இருந்தது பயன்பட்டதா, அவர் வீட்டுத் தக்காளி காய்த்ததா, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தை மட்டும் எண்ணியிருக்கிறார்.

அப்படியானால் பதினைந்தாயிரம் மிச்சமாகும் பொருளுக்கு ஆயிரத்தைந்நூறு கேட்கலாமே என்று என் மகன் கேட்டான். கேட்கலாம்தான். நான் கேட்கவில்லை. முதல் காரணம், இந்தச் சங்கதிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் இருக்கிறது. போரரைப் பற்றி அவர்கள் சொல்லாததை நான் சொல்லிவிடவில்லை. காபி வாரியத்துக்கு ஏற்காட்டிலேயே அலுவலகம் இருக்கிறது. போய்க் கேட்டால் காசு வாங்காமல் சொல்வார்கள். இதை என் முதல் பக்கத்தில், விலைக்கு நேர் கீழே, எழுதியே வைத்திருக்கிறேன். என் மருமகளுக்கு அதில் வருத்தம். "மாமா, கடை வாசலிலேயே பக்கத்துக் கடைக்கு வழி சொல்கிறீர்களே" என்றாள்.

பிறகு எதற்குப் பணம் என்றால், பொறுக்கி எடுத்ததற்கும் வரிசைப்படுத்தியதற்கும். பொதுவான கையேட்டில் கர்நாடகத்துக்கும் வயநாட்டுக்கும் நமக்கும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அது அவர்களுக்குச் சரி. இங்கே செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. இருநூறு லிட்டர் தண்ணீருக்கு இருபது கிலோ சுண்ணாம்பு கலந்து தண்டில் அடிக்கச் சொல்கிறார்கள். அடித்த மறுநாள் கொட்டும் மழை பெய்தால் கூலியும் சுண்ணாம்பும் ஓடையில் போகும். இந்த மலையில் நாகலூர்ப் பக்கத்தில் எந்த வாரத்தில் ஆள் விடலாம், வெள்ளக்கடைப் பக்கத்தில் எந்த வாரம், நிழல் மரம் வெட்டித் திறந்துகிடக்கிற சரிவை ஏன் முதலில் பார்க்க வேண்டும், ஆள் பற்றாக்குறை இருந்தால் எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது. இவைதான் என் சரக்கு. முதலில் எழுதியபோது நிறையப் பக்கம் வந்தது. வெட்டி வெட்டி நாலுக்குக் கொண்டுவந்ததுதான் பெரும்பாடு. தோட்டத்தில் ஒரு கையில் குடையும் மறுகையில் கைப்பேசியும் வைத்துக்கொண்டு நிற்பவர் நாற்பது பக்கம் புரட்டமாட்டார்.

இரண்டாம் காரணம், தோட்டக்காரர் மனசு. ஓர் ஆளின் ஒரு நாள் கூலியைத் தாண்டினால் வீட்டில் கலந்து பேச வேண்டும், கணக்குப்பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அதற்குள் செப்டம்பர் போய்விடும். கூலிக்குக் கீழே என்றால் நின்ற இடத்தில் பணம் அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் அந்த அளவு.

ஐம்பது ரூபாய்க்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பிரதி எடுக்க ஒரு பைசா செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் வாங்கியவர் சும்மா இருப்பதில்லை. தண்டைப் படம் பிடித்து அனுப்புவார். "ஐயா, இது போரர் மேடா, பழைய கவாத்துக் காயமா?" என்று கேட்பார். நான் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். படம் மங்கலாக இருக்கும். மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில் என் சாப்பாடு ஆறிப்போவது இதனால்தான். தாளுக்கு விலை என்று பேர். அதில் பாதி என் காதுக்கும் கண்ணுக்குமான கூலி. இணையத்தில் விற்கும் பொருளுக்கு அடக்கவிலையே இல்லை என்று பேசுபவர்கள் இதை எண்ணுவதில்லை.

எல்லோருக்கும் ஒரே விலையும் நான் வைக்கவில்லை. நூறு ஏக்கர் எஸ்டேட்டுக்கும், வீட்டைச் சுற்றி அரை ஏக்கரில் காபியும் பலாவும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கும் அந்த நாலு பக்கம் தரும் லாபம் ஒன்றல்லவே. மலைக்கிராமத்துக்காரர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை. ஒண்டிக்கடைப் பகுதியிலுள்ள ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் தாளாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அவர்களில் பலருக்குக் கைப்பேசியில் படிப்பது தொல்லை. தோட்டத்துக்கு நேரில் வந்து காட்டச் சொல்லும் எஸ்டேட்டுகளுக்கு நாள் கூலி தனி. ஒரே விஷயத்துக்கு மூன்று விலையா என்று ஓர் எஸ்டேட் முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டுத் தமக்குரிய விலையைக் கொடுத்தார்.

அம்மாப்பேட்டை வாசகரின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் ஐந்து பக்கம்தான் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. சொல்லாமல் விற்றது தவறு, சந்தேகமில்லை. ஆனால் விற்கிறவனுக்கும் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருப்பதைக் காட்டினால் பார்த்தவர் படித்துக்கொண்டு போய்விடுவார்; காட்டாவிட்டால் எதை நம்பி வாங்குவார்? இதை நான் ஒரு நாள் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் பொருளியல் நடத்தும் என் மருமகள், "மாமா, இதைக் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1962-லேயே எழுதிவிட்டார்" என்றாள். தகவலின் மதிப்பு தெரிய வேண்டுமானால் தகவல் கைக்கு வர வேண்டும், கைக்கு வந்தபின் வாங்கத் தேவையில்லை என்பது அவர் சொன்னதாம். பின்னால் 1972-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்திருக்கிறது. என் புலம்பலுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நோபல் வாங்கியவர் தீர்க்காத சிக்கலை நான் தீர்க்கப் போவதில்லை. என் அளவில் செய்வது இவ்வளவுதான். பணம் கட்டும் முன் முதல் பக்கம் முழுவதையும் படிக்கலாம். அதில் கொட்டை எழுத்தில், "மொத்தம் 4 பக்கம். அராபிக்கா மட்டும். ரொபஸ்டா வைத்திருப்பவர் வாங்க வேண்டாம்" என்று இருக்கும். எந்த மாதம் திருத்தியது என்பதும் இருக்கும். படித்துவிட்டுப் பயனில்லை என்றால் காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பிவிடுவேன். படித்துப் புரிந்துகொண்டு, நன்றி என்றும் சொல்லி, பணத்தையும் திருப்பிக் கேட்டவர் உண்டு. அவருக்கும் அனுப்பினேன். அவர் தோட்டத்தில் வண்டு குறைந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் நல்லதுதான். வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார்களே என்று கேட்பார்கள். அனுப்புகிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் என் எழுத்தைக் காக்கும். போரர் பிடித்த செடி அக்டோபருக்குமுன் பிடுங்கப்பட வேண்டும் என்ற செய்தியைக் காக்காது, காக்கவும் கூடாது. வாங்கியவர் பட்டியலில் பெயருள்ளவர்களுக்குப் பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் அந்தப் பருவத்து மழையைப் பார்த்து இரண்டு வரி அனுப்புகிறேன். மேடு பார்த்துச் சொல்வதும் அவர்களுக்குத்தான். ஓசியில் வந்த பிரதிக்கு இவை வராது. அதனால் ஓசியில் படித்தவர்களில் சிலர் அடுத்த பருவத்தில் தாமாகவே பணம் கட்டிப் பெயர் கொடுக்கிறார்கள். பூட்டு, சங்கேதச் சொல் என்று போட்டு நேர்மையாக வாங்கியவரைத் திண்டாடவிடுவதைவிட இது மேல்.

உண்மையான கொள்ளை எங்கே நடக்கிறது என்று அம்மாப்பேட்டை வாசகருக்குச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதுப் பையன், நல்ல மரியாதையாகத்தான் பேசினான். "சார், நாலு பக்கம் விற்காது. அறுபது பக்கமாக ஆக்கிக் கொடுங்கள். 1,999 என்று போட்டு அடித்துவிட்டு, இன்று மட்டும் 499 என்று போடலாம்" என்றான். மீதி ஐம்பத்தாறு பக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவனிடம் பட்டியலே தயாராக இருந்தது. காபியின் வரலாறு, 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதை, ஏற்காட்டின் இயற்கை எழில், காபி குடிப்பதன் நன்மைகள், வண்ணப் படங்கள். காக்பர்ன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் நட்ட வித்தில்தான் நான் சோறு தின்றேன். ஆனால் செப்டம்பர் மாதத்தில் மேடு தடவிக்கொண்டிருப்பவனுக்குக் காக்பர்ன் எதற்கு? அறுபது பக்கத்தில் அந்த விறகு வரி நாற்பத்தேழாம் பக்கத்தில் போய்ப் புதைந்துவிடும். படிப்பவர் அங்கே வரும் முன் தூங்கிவிடுவார். வாங்கியவருக்கு நட்டம், ஆனால் பக்கக் கணக்கு நிறைவு. அவரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதமாட்டார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடித்துப் போட்ட 1,999-க்கு அந்தப் பொருள் ஒரு நாளும் விற்றிருக்காது. இன்று மட்டும் என்பது நாளையும் இருக்கும். இந்தப் பொய் அவசரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில், இணைய விற்பனையில் செய்யக்கூடாத 13 தந்திரங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. விதி இருக்கிறது; கைப்பேசித் திரையில் சலுகை முடியும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வரிவிளம்பரப் பகுதியில் இத்தகைய கைப்பேசிக் குறிப்புகளுக்கு விளம்பரம் வருகிறது. வீட்டு வைத்தியம், கோழி வளர்ப்பு, பங்குச் சந்தை என்று எல்லாமே இருக்கின்றன. விளம்பரம் வாங்கும்போது நான்கு விவரம் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பக்கம், கடைசியாக எப்போது திருத்தியது, எழுதியவருக்கு அந்த வேலையில் என்ன அனுபவம், பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா. ஒரு வரி கூடுதலாகும். அந்த வரிக்குக் காசு கொடுக்க மறுப்பவரின் விளம்பரத்தை விட்டுவிடலாம். அம்மாப்பேட்டை வாசகருக்கு ஐந்து பக்கம் என்று முன்பே தெரிந்திருந்தால், வாங்குவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்திருப்பார்.

என் பெயரையும் என் தாளின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் இது காசு கொடுக்காத விளம்பரம் ஆகிவிடும். முகவரியும் கைப்பேசி எண்ணும் தங்கள் அலுவலகப் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அம்மாப்பேட்டை வாசகர் விரும்பினால் அவருடைய ஐந்து பக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாடித் தோட்டம் எனக்குத் தெரியாது; என் மனைவிக்குத் தெரியும். விலைக்குத் தகுமா என்று அவள் பார்த்துச் சொல்வாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காபித் தோட்டக் கண்காணிப்பாளர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.